ஒன்றாம் புத்தகத்தில் பதிந்த நிலம்

சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்பலவாணன் தம் அறுபத்தெட்டாவது வயதில் ஒரு பதிவை அழித்தார். பணியில் இருந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் அப்படி ஒன்று நடந்ததில்லை. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி என்று அவர் உட்கார்ந்த நாற்காலிகளுக்கு எதிரே எத்தனையோ பேர் நின்று, ஒரு தேதியை மாற்றச் சொல்லியும் ஒரு எல்லையை நகர்த்தச் சொல்லியும் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியும் பார்த்திருக்கிறார்கள். "பதிஞ்சது பதிஞ்சதுதான்" என்று ஒரே பேச்சில் அனுப்பிவைத்த மனிதர். இப்போது அவர் அழித்தது அரசாங்கப் பதிவேட்டில் அல்ல. பெற்ற மகளின் விளையாட்டுக் கருவியில்.

மகள் சுப்ரஜாவுக்கு இருபத்தொன்பது வயது. பகலில் பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறாள். மாலையில் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புதிதாக வரும் வீடியோ விளையாட்டுகளையும் அவற்றை ஆடும் கருவிகளையும் பற்றித் தமிழில் பேசிப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறாள். ஐந்து வருடமாக நடக்கிறது. நாற்பதாயிரம் பேருக்கு மேல் பார்க்கிறார்கள். ஆரம்பித்த நாளில் பெருமாள்புரத்து வீட்டில் பெரிய சச்சரவு. "நம்ம வீட்டுப் பொம்பளப்பிள்ளை ஊருக்கெல்லாம் மூஞ்சியக் காட்டிக்கிட்டு விளையாட்டுச் சாமான் விக்குததா?" என்று அம்பலவாணன் மூன்று நாள் மகளோடு பேசவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சமாதானம் ஆயிற்று: முகம் தெரியக் கூடாது. அன்று முதல் அந்தப் படங்களில் தெரிவது இரண்டு கைகளும் ஒரு கருவியும் மட்டும்தான். அவள் ஒரு தடவைகூட வாக்கு மீறவில்லை. அம்பலவாணன் மகள் அல்லவா.

அந்த இரண்டு கைகளுக்கு இவ்வளவு மதிப்பு வந்தது பேச்சில் இருந்த நேர்மையால். "இப்ப வருத கைக்கருவி எல்லாம் செங்கல் கனம். அரை மணி நேரத்துல மணிக்கட்டு கெஞ்சுது, ரெண்டு மணி நேரத்துல பேட்டரி படுத்துருது. சுவத்து பிளக்கோட கட்டிப் போட்டு ஆடுததுக்கு எதுக்குக் கைக்கருவின்னு பேரு?" என்பாள். "நொடிக்கு நூத்தி இருபது படம்னு அட்டையில போட்டிருக்கான். அதுல பாதி இயந்திரமா இட்டுக்கட்டி இடையில சொருகுது. கண்ணை ஏமாத்தலாம், விரலை ஏமாத்த முடியாது" என்பாள். இனாமாக வந்த பொருளை இனாம் என்று சொல்லிவிட்டுத்தான் குறை சொல்வாள். காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால் வாங்கிய கடையின் பேரையும் சொல்வாள். அது அவள் வைத்துக்கொண்ட முறை.

ஒரு நாள் சாப்பிடும்போது தாயிடம் அலுத்துக்கொண்டாள். "பெட்டியப் பிரிச்சா உள்ள விளையாட்டே இல்லம்மா. ஒரு சாவி மாதிரிதான் இருக்கு. அதை வச்சு நெட்ல இறக்கிக்கிடணும். நாளைக்கு அவன் கம்பெனிய மூடிட்டா நம்ம கையில ஒண்ணும் இருக்காது."

அம்பலவாணன் இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அப்ப அது கிரயம் இல்ல, குத்தகை. குத்தகைக்காரன்கிட்ட கிரய விலை வாங்குதான்" என்றார்.

அடுத்த படத்தில் சுப்ரஜா அதை அப்படியே சொன்னாள். 'எங்க அப்பா சொன்னாக' என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்தப் படம்தான் எல்லாவற்றையும் விட அதிகம் ஓடியது. வீட்டில் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் வங்கிக்குப் போகிறேன் என்று கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்து, அந்தப் படத்தை ஏழு தடவை பார்த்தார்.

வினை அங்கேதான் தொடங்கியது.

'ரிவர்ஹோல்ட்' என்ற விளையாட்டு வெளியாவதற்கு மூன்று வாரம் முன்னதாகவே, விமர்சனம் செய்கிறவர்களுக்கென்று ஒரு பிரதி சுப்ரஜாவுக்கு வந்தது. ஒரு ஆறு. குறுக்கே ஏழு அணைக்கட்டு. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் விடுவது, வெள்ளம் வந்தால் யாருடைய பயிரைக் காப்பது. அதுதான் ஆட்டம். அம்பலவாணன் முன்னோருக்குக் கன்னடியன் கால்வாயின் கடைமடையில் நிலம் இருந்தது. முறைத்தண்ணீருக்காக அவர் தகப்பனார் சிவசங்கரன் கோர்ட்டுப் படி ஏறி இறங்கியது ஊருக்குத் தெரியும். மாடியிலிருந்து "மூணாவது மடையைத் திறந்தா கீழ உள்ளவன் காயுதான்" என்று மகள் குரல் இறங்கி வந்தபோது அவருக்குக் கால் நிற்கவில்லை.

அவள் கல்லூரிக்குப் போன ஒரு பகல். மனைவி சண்முகசுந்தரி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். அம்பலவாணன் பைய மாடி ஏறினார். தம் வீட்டுப் படியில் தாமே திருடனைப் போல ஏறினார் என்பதை அவர் மறுக்கமாட்டார். முதல் நாள் மடையைத் திறக்கவே தெரியவில்லை. இரண்டாம் நாள் வெள்ளத்தில் ஊரையே முக்கிவிட்டார். மூன்றாம் நாள் விரல் படிந்தது. ஒவ்வொரு நாளும் புதிதாக ஆரம்பித்தார், சேமிக்கவே இல்லை. கைக்கு வராத சொத்துக்கு என்ன பதிவு?

நான்காம் நாள் சொத்து வந்தது. ஆட்டத்தில் மேற்கே மூன்றாவது மடைக்குப் பக்கத்தில் ஒரு கிழவன் மூன்று துண்டு நிலம் விற்றான். அம்பலவாணன் நாற்பத்தெட்டு நிமிடம் பாடுபட்டு நெல் சேர்த்து அதை வாங்கினார். மூன்றும் நஞ்சை. தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான கிரயம் பதிந்தவர், தமக்கென்று ஒரு சென்ட் வயல் வாங்கியதில்லை. சேமி என்று திரையில் வந்தது. கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று இடம்.

பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நில விற்பனை ஏறுவது ஒன்றாம் புத்தகத்தில். இரண்டாம் புத்தகம் பதிய மறுத்த காரணங்களுக்கு. மூன்றாவது உயிலுக்கு. வாங்கிய நிலத்தை யாராவது உயில் புத்தகத்தில் பதிவார்களா? அவர் விரல் ஒன்றின் மேல் போயிற்று. ஏதோ கேள்வி கேட்டது. குமாஸ்தா நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போட்ட கை, கேள்வியைப் படிக்குமுன்னே 'ஆம்' என்று அழுத்திவிட்டது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனல்ல நான் என்று ஊரெல்லாம் சொன்னவர்.

அதற்குப் பிறகுதான் படித்தார். ஒன்றாம் இடத்தில் சற்று முன்வரை சுப்ரஜாவின் பெயரும் எழுபத்தோரு மணி நேரம் என்ற கணக்கும் இருந்தன. இப்போது நாற்பத்தெட்டு நிமிடம் என்று இருந்தது.

இதுவரை நடந்தது தவறு. மனிதனுக்கு நேர்வது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கீழே சண்முகசுந்தரி இருமும் சத்தம் கேட்டது. மகள் வந்து பார்த்தால் யாரோ ஆடியிருப்பது தெரியும். வீட்டில் இருப்பது மூன்று பேர். அவர் அந்த நாற்பத்தெட்டு நிமிடத்தையும் அழித்தார். இந்தத் தடவை கேள்வியை நிதானமாகப் படித்துவிட்டு, தெரிந்தே அழித்தார். ஏற்கெனவே காலியாக இருந்த மற்ற இரண்டோடு இப்போது மூன்று இடமும் வெறுமையாயின. கருவியை இருந்த இடத்தில் இருந்தபடி வைத்துவிட்டு இறங்கி வந்து, திருநீறு பூசிக்கொண்டு, செய்தித்தாளை விரித்தார்.

சாயங்காலம் சுப்ரஜா மாடிக்குப் போன பத்தாவது நிமிடம் இறங்கி வந்தாள்.

"அம்மா, என் மெஷின யாரும் எடுத்தீங்களா?"

"நான் எதுக்குளா எடுக்கேன்? அதுமேல தூசி தட்டக்கூடப் பயமா இருக்கு."

"எல்லாம் போச்சும்மா. எழுபது மணி நேரம். வெள்ளிக்கிழமை விமர்சனம் போடணும். இந்தப் பிரதிக்கு நெட்ல நகல் வைக்குத வசதியும் இன்னும் திறக்கல. மெமரி கார்டுல இருந்தது மட்டும்தான்." குரல் உடைந்தது. "அப்பா எதுவும்..."

"நல்லாக் கேட்ட!" என்று சண்முகசுந்தரி சிரித்துவிட்டாள். "அப்பா அதைத் தொடுவாகளா? அது இருக்குத பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கமாட்டாக."

அந்த நிலையிலும் சுப்ரஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "அதுவும் சரிதான்" என்றாள். தகப்பனாரிடம் கேட்கவே இல்லை.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அம்பலவாணனுக்குத் தெரியாது. கேட்காமல் விட்டதுதான் முள்ளாகக் குத்தியது. நன்றாகத் தெரிந்தவன்கூட இரண்டு சாட்சியோடு வந்தால்தான் நம்புவது அவர் முறை. அவர் மகள் ஒரு சாட்சியும் கேட்காமல் அவரை நம்பிவிட்டுப் போனாள். அவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

கருவி புதிது, மற்ற விளையாட்டுகள் எல்லாம் ஓடின. ஆகவே பழி மெமரி கார்டின் மேல் விழுந்தது. மெமரி விலை ஏறிக் கிடக்கிற காலம். மேலே நல்ல பேர் ஒட்டி உள்ளே சொத்தையை வைத்து விற்கிறார்கள் என்று அவளே இரண்டு மாதம் முன்பு பேசியிருந்தாள். கார்டு முருகன்குறிச்சியில் தானியேல் கடையில் வாங்கியது. வெள்ளிக்கிழமை, விமர்சனத்துக்குப் பதிலாக ஒரு படம் வந்தது. இரண்டு கைகள், நடுவில் நகத்தளவு ஒரு கார்டு. "எங்கன வாங்கினேன்னு எப்பவும் சொல்லுவேன், இப்பவும் சொல்லுதேன்" என்று தொடங்கி, கடையின் பெயரைச் சொன்னாள். பதிவாகும்போது அம்பலவாணன் மாடிப்படியின் பாதியில் நின்றார். இன்னும் ஆறு படி ஏறி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தானியேல் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வேதக்கோயிலில் ஆராதனை முடித்து நேராக வந்தவர் போல வெள்ளைச் சட்டை. கையில் மடிக்கணினி.

"வாரும், இரும்" என்றார் அம்பலவாணன். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"இருக்கட்டும் அண்ணாச்சி. சண்டைக்கு வரல" என்றார் தானியேல். "பாப்பா பேசினதை நானும் எப்பவும் பாக்கேன். என் கடையில வந்து பத்துப் பேரு 'சுப்ரஜா அக்கா சொன்ன மௌஸ் குடுங்க'ம்பான். நேத்து ஒருத்தன் வாசல்ல நின்னுக்கிட்டு 'டூப்ளிகேட்டு கடை'ன்னு கத்திட்டுப் போனான். ஒரு பள்ளிக்கூடத்துக்காரங்க குடுத்திருந்த ஆர்டரையும் வேண்டாம்னுட்டாங்க. இருபது வருசக் கடை அண்ணாச்சி."

சுப்ரஜா வந்தாள். "அண்ணாச்சி, எனக்கு நடந்ததைத்தான் சொன்னேன். கூட்டிச் சொல்லல."

"நீ கூட்டமாட்டம்மா, எனக்குத் தெரியும். அதுதான் வந்தேன். அந்தக் கார்டைக் குடு. உன் முன்னாலேயே சோதிப்போம். சொத்தைன்னா நானே என் கடை வாசல்ல எழுதி ஒட்டிருதேன்."

கார்டை மடிக்கணினியில் செருகினார்கள். சோதனை முடிய முக்கால் மணி நேரம் ஆகும் என்றது. சண்முகசுந்தரி காப்பி கொண்டுவந்தாள். தானியேல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அம்பலவாணனைப் பார்த்துச் சொன்னார்: "என்னை ஞாபகம் இருக்காது உங்களுக்கு. எங்க கடை இடம் உங்க முன்னாலதான் பதிஞ்சுது. சேரன்மகாதேவியில எங்களுக்கு ஒரு காணி இருந்துச்சு, அதையும் சேத்து அங்கதான் பதிஞ்சோம். அடையாளம் காட்டுத சாட்சி ஒருத்தர் வரலைன்னு திருப்பி அனுப்பினீங்க. எங்க அப்பா வெயில்ல மறுபடி வந்தாக. நான் ஏசினேன் உங்களை. அப்பா, 'சும்மா இருலே, இப்பேர்ப்பட்ட ஆளு கையில பதிஞ்சா நாளைக்கு எவனும் அசைக்க முடியாது'ன்னாக."

அம்பலவாணன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்று பிறரைச் சொல்லியிருக்கிறார். இப்போது அந்தப் பூசணிக்காய் அவர் நெஞ்சில் இருந்தது.

சோதனை முடிந்தது. ஒரு குறையும் இல்லை. சுப்ரஜா நம்பாமல் தன் கணினியில் மறுபடி போட்டாள். அதிலும் இல்லை.

"அப்ப நான்தான் அழிச்சிருக்கணும்" என்றாள் மெதுவாக. "வேற வழியில்ல. தூக்கக் கலக்கத்துல எதையோ அழுத்தியிருக்கேன். அதுகூடத் தெரியாம ஒருத்தர் பொழப்புல மண்ணைப் போட்டிருக்கேன். அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. இன்னைக்கே படம் போடுதேன், தப்பு என்னோடதுன்னு சொல்லி. அதுதான் கடைசிப் படம்."

"எதுக்கும்மா கடைசி?" என்று தானியேல் பதறினார்.

"என் கை செய்யுதது எனக்கே தெரியல. அந்தக் கை சொல்லுததை எவன் நம்புவான்?"

அம்பலவாணன் எழுந்தார். எதிரே சுவரில் தகப்பனார் சிவசங்கரனின் படம். கடைமடைத் தண்ணீருக்காக ஒன்பது வருடம் வழக்காடி, பொய்ச் சாட்சி சொல்ல ஆள் தயாராக இருந்தும் வேண்டாம் என்று தோற்றுப்போனவர். அந்தக் குடும்பத்துப் பெயரைக் காக்கத்தான் இத்தனையும் செய்ததாக நான்கு நாளாக மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தின் கீழே நின்றபோது அந்த வாதம் எடுபடவில்லை.

"மேற்கே மூணாவது மடைப் பக்கத்துல" என்றார், "அந்தக் கிழவன்கிட்ட மூணு துண்டு நஞ்சை வாங்கினேன். கிரயம் ஒன்றாம் புத்தகத்துல ஏறணும்னு ஒண்ணை அழுத்தினேன்."

சண்முகசுந்தரி திடுக்கிட்டுத் திரும்பினாள். "நிலமா? எப்ப வாங்கினீங்க? யாரைக் கேட்டு வாங்கினீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"அம்மா, சும்மா இரு" என்றாள் சுப்ரஜா. அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தக் கிழவனை, அந்த மூன்று துண்டை, ஆடாத யாருக்கும் தெரியாது. இன்னும் கடையில் வராத விளையாட்டு.

"நாலு நாள் ஆடினேன்" என்றார். "நீ அங்கன பாடம் நடத்துத நேரத்துல. உன் பேர்மேல எழுதினது தெரியாமச் செஞ்சது. அதுக்கப்புறம் என் பேரையும் அழிச்சது தெரிஞ்சு செஞ்சது. அம்மாகிட்ட நீ கேட்டப்ப நான் இங்கனதான் இருந்தேன். படம் பிடிச்சப்ப படியில நின்னேன். எல்லாம் தெரிஞ்சே நின்னேன்."

தானியேல் தலையைக் குனிந்துகொண்டார், தப்பு அவருடையது போல. அதுவும் அம்பலவாணனுக்குத் தாங்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்பா" என்றாள் சுப்ரஜா. "எழுபது மணி நேரம் என்ன பெருசா? நீங்க ஆடுதீங்கன்னு தெரிஞ்சா நான் சந்தோசப்பட்டிருப்பேன். உங்களை ஒருநாளும் நான் சந்தேகப்படல. அதையில்ல அழிச்சுட்டீங்க."

அவர் உள்ளே போய் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். பத்து நிமிடத்தில் எழுதினார். அந்த நடை அவருக்கு மனப்பாடம். பதிந்த ஆவணத்தில் பிழை நேர்ந்தால், அழிக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. பிழையைப் பிழை என்று சொல்லி வேறொரு பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். பிழைதிருத்தல் பத்திரம் என்று அதற்குப் பெயர்.

மாடியறையில் சுப்ரஜா கேமராவைப் பொருத்தினாள். வழக்கம்போல் மேசையைப் பார்த்துக் கீழ்நோக்கி. "கை மட்டும் போதும்பா" என்றாள். இரக்கமா கோபமா என்று தெரியாத குரல். "இந்த வீட்டு முறை அதுதானே."

"எழுதிக் குடுக்கிறவன் நேர்ல வராம எந்தப் பத்திரமும் பதியக் கூடாது" என்றார் அம்பலவாணன். "நிமித்தி வை."

அவள் நிமிர்த்தி வைத்தாள்.

ஐந்து வருடமாக இரண்டு கைகளை மட்டும் கண்டிருந்த நாற்பதாயிரம் பேர் முன்னால், திருநீற்றுப் பட்டையும் நரைத்த மீசையுமாக ஒரு கிழவர் வந்து உட்கார்ந்தார். "திருநெல்வேலி மாவட்டம், பாளையங்கோட்டை, பெருமாள்புரத்தில் வசிக்கும், காலஞ்சென்ற சிவசங்கரன் குமாரன்" என்று வாசித்து, அங்கே நின்றுவிட்டார். அந்தப் பெயரை இப்படி ஒரு தாளில் ஏற்றுவோம் என்று அவர் நினைத்ததில்லை. பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அம்பலவாணன் ஆகிய நான் எழுதிக் கொடுத்த பிழைதிருத்தல் பத்திரம் என்னவென்றால்" என்று தொடர்ந்து, ஒன்று விடாமல் வாசித்தார். கார்டில் குறையில்லை. கடையில் குறையில்லை. மகள் சொன்னதில் பொய்யில்லை. பொய், பேசாமல் இருந்தவரிடம் இருந்தது. அடையாளம் காட்டும் சாட்சிகளாகத் தானியேலும் சண்முகசுந்தரியும் பக்கத்தில் நின்று பெயரைச் சொன்னார்கள். சண்முகசுந்தரி தலைப்பால் வாயைப் பொத்தியபடியே சொன்னாள்.

கேமராவை அணைக்குமுன் சுப்ரஜா பின்னாலிருந்து, தன் படங்களில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்: "ஆட்டம் எப்படி?"

அம்பலவாணன் யோசித்தார். கேள்வி என்று வந்தால் உள்ளதைச் சொல்ல வேண்டும். "தண்ணி உண்மையா ஓடுது. கையில பிடிச்சா கருவிதான் கனம். ஆனா ஒரு குறை. மேல மடையைத் திறக்குதவனுக்குக் கடைமடையில காயுதவன் முகம் தெரியமாட்டேங்கு. அதைக் காட்டியிருக்கணும். முகம் தெரிஞ்சா திறக்குதவன் யோசிப்பான்."

படம் ஓடிற்று. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். சண்முகசுந்தரி ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். நாலாவதிலேயே, "போதும், வாசிக்காத" என்றார். நான்கு நாள் ஒளித்து வைத்தவனை நேர்மையாளன் என்று எழுதுகிறார்கள். தானியேல் போன் செய்து, கடைக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டது என்றார். எல்லாரும் வரவில்லை என்பதைச் சொல்லவில்லை. குரலிலேயே அது தெரிந்தது. திருத்தம் பதிந்த பிறகும் முதல் பத்திரம் புத்தகத்தில் இருக்கத்தான் செய்யும்; பதிவாளருக்கு அது தெரியாதா?

புதன்கிழமை மத்தியானம் அவர் மாடி ஏறினார், இந்தத் தடவை மனைவி விழித்திருக்கும்போதே. கருவி அதே மேசையில், அதே இடத்தில் இருந்தது. திரையைத் தொட்டதும் விழித்துக்கொண்டது. கடவுச்சொல் கேட்கவில்லை. ஒன்றாம் இடத்தில் சுப்ரஜாவின் பெயர், ஒரு மணி இருபது நிமிடம். அவள் முதலிலிருந்து தொடங்கியிருந்தாள்.

பூட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கல்லூரிப் பேருந்து வந்து நிற்கும் வரை அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். தொடவில்லை.